கைக்குழந்தையின் எக்ஸ்ரேயில் தெரிவது தைமஸ் என்றால், தைமஸ் என்றே எழுதுங்கள்

மார்பு எக்ஸ்ரேவுக்கு ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜி மருத்துவர்களுக்கும், அந்த எக்ஸ்ரேவை எழுதிக்கொடுக்கும் என் சக குழந்தைகள் நல மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வயதுக்குள் இருக்கும் ஒரு குழந்தையின் எக்ஸ்ரேயில் இதயத்துக்கு மேலே நிழல் அகலமாகத் தெரிகிறது. குழந்தைக்கு வேறு ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லை. அப்படிப்பட்ட படத்துக்கு ‘மீடியாஸ்டைனல் மாஸ், சி.டி. எடுக்கவும்’, அதாவது நெஞ்சின் நடுவே கட்டி என்று எழுதுவதை நிறுத்துங்கள். முதலில் தைமஸை நினையுங்கள்; குழந்தையின் நெஞ்சில் இயல்பாகவே இருக்கும் உறுப்பு அது. தைமஸ்தான் என்று தெளிவாக இருந்தால் அந்தப் பெயரையே எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்ட் பார்க்கச் சொல்லுங்கள். சி.டி. அதற்குப் பிறகு, தேவைப்பட்டால் மட்டும்.

இதை ஆங்கிலத்தில் எழுதிச் சங்கத்தின் செய்திமடலுக்கு அனுப்பியிருக்கலாம். தமிழில் பொதுவில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இப்போதெல்லாம் உங்கள் ரிப்போர்ட்டை முதலில் படிப்பது நான் அல்ல, குழந்தையின் அப்பா. ஸ்கேன் சென்டரில் இருந்து அது நேரே அவருடைய வாட்ஸ்அப்புக்குப் போகிறது. என் அறைக்குள் அவர் வரும்போது ‘மாஸ்’ என்றால் என்ன என்று இணையத்தில் தேடி, புற்றுநோய் வரைக்கும் படித்து முடித்திருக்கிறார். குழந்தையின் அம்மா அழுது ஓய்ந்திருக்கிறார். குழந்தை சிரித்துக்கொண்டிருக்கிறது. இந்தக் கடிதத்தை அவர்களும் படிக்க வேண்டும்.

நடப்பதைச் சொல்கிறேன். மழைக்காலத்தில் நான்கு மாதம், ஆறு மாதம் ஆன குழந்தைகள் இருமலோடும் இழுப்போடும் வருவார்கள். பெரும்பாலும் வைரஸால் வரும் பிராங்கியோலைட்டிஸ், அதாவது நுரையீரலின் சின்னக் காற்றுக்குழாய்களில் வரும் அழற்சி. அதற்கு எக்ஸ்ரேயே வேண்டியதில்லை. ஆனாலும் சில நாள் ஆகியும் சளி குறையவில்லை என்று எங்கோ ஓர் இடத்தில் எடுத்துவிடுகிறார்கள். படத்தைப் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட் பல நேரம் அந்த ஊரிலேயே இருப்பதில்லை. வேறு நகரத்தில், திரையில் வரிசையாக வந்து விழும் படங்களுக்கு நடுவே இதையும் பார்க்கிறார். கூடவே வந்த சீட்டில் ‘இருமல்’ என்று ஒரே வார்த்தை. குழந்தை பால் குடிக்கிறதா, எடை ஏறுகிறதா, மூச்சில் கரகரப்புச் சத்தம் இருக்கிறதா, எதுவும் அவருக்குத் தெரியாது. எதையாவது விட்டுவிட்டால் நாளைக்கு வழக்கு வரும் என்ற பயம் மட்டும் கூடவே இருக்கிறது. அந்த இடத்தில் ‘மாஸ்?’ என்று ஒரு கேள்விக்குறியோடு எழுதிவிடுவது அவருக்குப் பாதுகாப்பாகத் தோன்றுகிறது. அவர் நிலைமை எனக்குப் புரிகிறது.

ஆனால் அந்தக் கேள்விக்குறியை வீட்டில் யாரும் படிப்பதில்லை. அடுத்த நாள் குடும்பம் மொத்தமும் எழும்பூருக்கோ, வேலூருக்கோ, மதுரைக்கோ கிளம்புகிறது. நகை அடகுக்குப் போகிறது. சி.டி. எடுக்க குழந்தை அசையாமல் இருக்க வேண்டும். அதனால் பால் நிறுத்தம், கையில் வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாய், தூக்க மருந்து. ஏற்கெனவே சளியும் இழுப்பும் இருக்கும் கைக்குழந்தைக்குத் தூக்க மருந்து கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. பிறகு படம் தெளிவாகத் தெரியப் போடும் கண்ட்ராஸ்ட் ஊசி, பிறகு கதிர். எல்லாம் முடிந்து வரும் ரிப்போர்ட்டில் ‘நார்மல் தைமஸ்’ என்று இரண்டு வார்த்தை இருக்கிறது. நல்ல செய்திதான். ஆனால் அந்த இரண்டு வார்த்தையை முதல் நாளே, அந்த எக்ஸ்ரேயைப் பார்த்தே எழுதியிருக்கலாம்.

பெற்றோருக்காக ஒரு நிமிடம் தைமஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கும் பெரிய இரத்தக் குழாய்களுக்கும் முன்னால் இருக்கும் மெத்தென்ற ஒரு உறுப்பு. நம் உடம்பைக் காக்கும் டி செல்கள் அங்கேதான் பக்குவப்படுகின்றன. எலும்பு மஜ்ஜையில் பிறந்து வரும் செல்களில், உடம்பையே தாக்கக்கூடியவற்றைக் கழித்து, கிருமியை அடையாளம் காணக்கூடியவற்றை மட்டும் வெளியே அனுப்பும் இடம் அது. பிறந்த குழந்தைக்குச் சுமார் 15 கிராம் இருக்கும். பருவ வயதில் 30, 40 கிராம் வரை போய், பிறகு சுருங்கிக் கொழுப்பாக மாறிவிடும். உடம்பின் அளவோடு ஒப்பிட்டால் கைக்குழந்தைக்குத்தான் அது மிகப் பெரியது. அந்த வயதில் எக்ஸ்ரேயில் தெரிவதும், இதயத்தின் மேல்பகுதியை மறைப்பதும், சில குழந்தைகளுக்கு ஒரு பக்கம் மட்டும் நுரையீரல் மேல் பரந்து கிடப்பதும் இயல்பு. பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வயதுக்குப் பிறகு நேர் எக்ஸ்ரேயில் அது தனியாகத் தெரியாது.

ரேடியாலஜி நண்பர்களுக்கு இதெல்லாம் முதலாண்டுப் பாடம். வலப்பக்கம் பாய்மரத்தின் பாய் போல முக்கோணமாக நீளும் நிழலை எல்லோரும் படித்திருக்கிறீர்கள். விலா எலும்பின் முன்முனைகள் அழுத்துவதால் ஓரம் மெல்லிய அலையாக நெளிவதையும் படித்திருக்கிறீர்கள். அந்த அலையே போதுமான சாட்சி: விலா எலும்பு அழுத்தினால் நெளிந்துகொடுக்கும் அளவுக்கு மிருதுவாக இருக்கிறது என்றால் அது கெட்டியான கட்டி இல்லை. தைமஸ் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் மூச்சுக்குழலைத் தள்ளாது, இரத்தக் குழாயை நெருக்காது. அது பக்கத்து உறுப்புகளின் வடிவத்துக்கு ஏற்பத் தன்னை வளைத்துக்கொள்ளும்.

மூச்சுக்குழலைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. அழும் குழந்தைக்கு மூச்சு வெளிவிடும் நேரத்தில் படம் விழுந்தால், மூச்சுக்குழல் வலப்பக்கமாக வளைந்து தெரியும். குழந்தையின் மூச்சுக்குழல் குட்டையானது, வளையக்கூடியது. இடப்பக்கம் மகாதமனி வளைவு இருப்பதால் அது வலப்பக்கம் மடிகிறது. அதைப் பார்த்து ‘கட்டி தள்ளுகிறது’ என்று எழுதிய ரிப்போர்ட்களை நான் பார்த்திருக்கிறேன். மூச்சு வெளிவிடும்போது எடுத்த படத்தில் தைமஸும் அகலமாகிவிடும், இதயமும் பெரிதாகத் தெரியும். குழந்தை சற்றுத் திரும்பியிருந்தால் தைமஸின் ஒரு பக்கம் மட்டும் துருத்திக்கொண்டு வரும். அதனால்தான் படம் எடுக்கும் டெக்னீஷியன்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்: குழந்தை அழுது, மூச்சை உள்ளே இழுக்கும் அந்தக் கணத்துக்குக் காத்திருங்கள். கையைக் காலைப் பிடிக்க அம்மாவைத் தனியாக விடாமல் ஒருவர் உதவுங்கள். நெஞ்சு நேராக இருக்கிறதா பாருங்கள். நேராக விழுந்த ஒரு படம் பல குழந்தைகளைச் சி.டி. அறைக்குப் போகாமல் காப்பாற்றும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம், தைமஸின் கதை. குழந்தையின் தைமஸ் பெரிதாக இருக்கிறது என்று பயந்து மருத்துவ உலகம் ஒருமுறை பெரிய கொடுமையைச் செய்திருக்கிறது. நம் பாடப் புத்தகங்களில் அது ஓரிரு வரியில் முடிந்துவிடுகிறது. அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில், தூக்கத்தில் திடீரென இறந்த குழந்தைகளைப் பிரேதப் பரிசோதனை செய்தபோது, நெஞ்சில் பெரிய தைமஸ் இருப்பதைப் பார்த்தார்கள். அதுதான் மூச்சுக்குழலை நெரித்துக் கொன்றது என்று முடிவு கட்டினார்கள். 1830 வாக்கில் ஜெர்மனியில் கோப் என்ற மருத்துவர் ‘தைமஸ் ஆஸ்துமா’ என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார். 1858-இல் ஃப்ரீட்லேபன் என்பவர் உறுப்பை எடைபோட்டு, அளந்து, அப்படி ஒரு ஆஸ்துமாவே இல்லை என்று எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1889-இல் வியன்னாவில் பால்டாஃப், நெரிப்பதைக் காரணமாகச் சொல்லாமல், பெரிய தைமஸ் உள்ள குழந்தைகளின் உடல்வாகே பலவீனமானது, சின்ன அதிர்ச்சிக்கும் இறந்துவிடும் என்று புதிய விளக்கம் கொடுத்தார். அந்த விளக்கம் உலகம் முழுக்கப் பரவியது. குளோரோஃபார்ம் கொடுத்த மேசையில் நோயாளி இறந்தால்கூட, பெரிய தைமஸ்தான் காரணம் என்று சான்றிதழில் எழுதினார்கள். மயக்க மருந்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்க வேண்டியிருக்கவில்லை.

எங்கே தப்பு நடந்தது? தைமஸ் உடம்பின் துன்பத்தை உடனே காட்டும் உறுப்பு. காய்ச்சல், பட்டினி, நாள்பட்ட நோய், எது வந்தாலும் சில நாட்களிலேயே சுருங்கிவிடும். அன்றைக்கு மருத்துவர்கள் அறுத்துப் பார்த்த உடல்களில் பெரும்பாலானவை, ஏழ்மையிலும் வயிற்றுப்போக்கிலும் காசநோயிலும் நாட்கணக்கில் வாடி இறந்தவர்களுடையவை. அவற்றில் இருந்த சுருங்கிப்போன தைமஸையே இயல்பான அளவு என்று எடுத்துக்கொண்டார்கள். நன்றாகப் பால் குடித்து, கொழுகொழுவென்று இருந்த குழந்தை திடீரென இறக்கும்போது, அதன் தைமஸ் சுருங்க நேரமே இருக்கவில்லை. அது பெரிதாகத் தெரிந்தது. உண்மையில் இயல்பான தைமஸ் அதுதான். பிரிட்டனில் இதை விசாரிக்கத் தனிக் குழுவே அமைத்தார்கள். 1931-இல் யங்கும் டர்ன்புல்லும் வெளியிட்ட அறிக்கை, இப்படி ஒரு நோய் இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது.

ஆனால் அதற்குள் எக்ஸ்ரே வந்திருந்தது. 1907-இல் அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்தில் ஃப்ரீட்லாண்டர் என்ற குழந்தை மருத்துவர், ‘பெரிய’ தைமஸைக் கதிர் பாய்ச்சிச் சுருக்கிக் காட்டினார். சுருங்கத்தான் செய்யும், கதிருக்கு அவ்வளவு எளிதில் பணிந்துபோகும் உறுப்பு அது. அதன் பிறகு நாற்பது ஐம்பது ஆண்டுகள், நீலம் பூத்த குழந்தை, சத்தமாக மூச்சு விட்ட குழந்தை, டான்சில் அறுவைக்குப் போகும் குழந்தை என்று பலருக்கும் கழுத்திலும் நெஞ்சிலும் கதிர் பாய்ச்சினார்கள். சில மருத்துவமனைகளில் எந்த அறிகுறியும் இல்லாத பச்சிளம் குழந்தைகளுக்குக்கூட, முன்னெச்சரிக்கை என்ற பெயரில். தைமஸுக்குப் பக்கத்திலேயே தைராய்டு இருக்கிறது. பெண் குழந்தைகளுக்கு மார்பகத் திசு இருக்கிறது.

1950-இல் நியூயார்க்கில் டஃபியும் ஃபிட்ஸ்ஜெரால்டும், 18 வயதுக்குள் தைராய்டு புற்றுநோய் வந்த 28 பேரைப் பற்றி எழுதினார்கள். அதில் 10 பேருக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது தைமஸுக்குக் கதிர் கொடுக்கப்பட்டிருந்தது. அப்புறம் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரத்தில் ஹெம்பல்மனும் அவர் குழுவினரும், அப்படிக் கதிர் பெற்ற 2,600-க்கும் மேற்பட்ட குழந்தைகளை, கதிர் பெறாத அவர்களுடைய சொந்த அண்ணன் தம்பி அக்கா தங்கைகளோடு ஒப்பிட்டுப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். கதிர் பெற்றவர்களிடம் தைராய்டு புற்றுநோய் கூடியிருந்தது. பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடியிருந்தது. தைராய்டு ஆபத்து அரை நூற்றாண்டு கடந்தும் தொடர்ந்தது. ஆரோக்கியமாக இருந்த ஒரு உறுப்பைப் பெரியது என்று தவறாக நினைத்ததற்கு அந்தக் குழந்தைகள் பாட்டி தாத்தா ஆகும் வரை விலை கொடுத்தார்கள்.

இதில் எனக்கு மிகவும் வலிப்பது, தைமஸ் என்ன செய்கிறது என்றே அன்றைக்கு யாருக்கும் தெரியாது என்பது. 1961-இல்தான் ஜாக் மில்லர் லண்டனில், பிறந்தவுடன் தைமஸ் நீக்கப்பட்ட எலிகள் தொற்றைத் தாங்க முடியாமல் மெலிந்து சாவதைக் காட்டினார். அதுவரை அது தேவையில்லாத எச்சம் என்றே பலர் நினைத்திருந்தார்கள்.

இன்றைக்கு யாரும் தைமஸுக்குக் கதிர் சிகிச்சை கொடுப்பதில்லை. சி.டி. ஒன்றின் கதிர் அந்தச் சிகிச்சையோடு ஒப்பிடக்கூடியதும் இல்லை. பெற்றோர் யாரும் இதைப் படித்துவிட்டு, ஏற்கெனவே எடுத்த சி.டி.க்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். ஆனாலும் கணக்கு இருக்கிறது. குழந்தைகளுக்கான அளவுகளில் கவனமாக எடுத்தாலும் ஒரு மார்பு சி.டி. பல பத்து எக்ஸ்ரேக்களுக்குச் சமம். பெரியவர்களுக்கான செட்டிங்கிலேயே எடுத்தால் நூறைத் தாண்டும். பிரிட்டனில் 22 வயதுக்குள் சி.டி. எடுத்த ஏறக்குறைய 1,80,000 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2012-இல் லான்செட் இதழில் வந்தது. கதிரின் அளவு கூடக்கூட இரத்தப் புற்றுநோயும் மூளைக் கட்டியும் கூடுவதை அது காட்டியது. ஒரு குழந்தைக்கு வரும் ஆபத்து மிகச் சிறியது என்பதையும் அதே ஆய்வு சொன்னது. தேவையான சி.டி.க்கு அந்தச் சிறிய ஆபத்தைத் தயங்காமல் ஏற்கலாம். தேவையில்லாத சி.டி.க்கு ஏன் ஏற்க வேண்டும்?

அல்ட்ராசவுண்டுக்கு வருகிறேன். ‘நெஞ்சை அல்ட்ராசவுண்டில் பார்க்க முடியாது, எலும்பும் காற்றும் மறைக்கும்’ என்ற பதிலை இன்றும் கேட்கிறேன். பெரியவர்களுக்கு அது ஓரளவு உண்மை. கைக்குழந்தையின் நெஞ்செலும்பு முழுதாக எலும்பாகவில்லை. விலாவின் முன்பகுதி குருத்தெலும்பு. லீனியர் ப்ரோபை (தோலில் வைத்துப் பார்க்கும் நேர்முனைக் கருவியை) நெஞ்செலும்பின் ஓரத்தில் வைத்தால் தைமஸ் நேராகத் தெரியும். ஈரலைப் போல ஒரே சீரான கருஞ்சாம்பல் பின்னணி, அதில் புள்ளி புள்ளியாக, கோடு கோடாக வெளிச்சம். ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். இதயம் துடிக்கும்போதெல்லாம் அது நெளிவதை நேரலையாகப் பார்க்கலாம்; மூச்சுக்கு ஏற்ப வடிவம் மாறுவதைப் பார்க்கலாம். சி.டி.யின் உறைந்த படத்தில் இந்த அசைவு கிடைக்காது. குழந்தையின் இயல்பான தைமஸ் அல்ட்ராசவுண்டில் எப்படி இருக்கும் என்பது 1989-லேயே ரேடியாலஜி இதழில் விவரமாக வந்துவிட்டது. புதிய நுட்பம் எதுவும் இதற்குத் தேவையில்லை.

குழந்தை அம்மாவின் மடியிலேயே இருக்கலாம். பால் குடித்துக்கொண்டே இருக்கலாம். தூக்க மருந்து வேண்டாம், ஊசி வேண்டாம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். மெஷினை பதிவான இடத்தை விட்டு நகர்த்த முடியாது என்று, கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் சட்டத்தைச் சொல்வார்கள். சரி, மெஷின் இருக்கும் இடத்துக்கு நாங்கள் குழந்தையைக் கொண்டுவருகிறோம். அந்தச் சட்டப்படி கர்ப்பிணிகளுக்கு நிரப்பும் படிவம் இந்தக் குழந்தைக்குத் தேவையில்லை. மாவட்டத் தலைநகரத்தில் மட்டுமில்லை, தாலுகா ஊர்களிலும் இப்போது நல்ல மெஷின்கள் இருக்கின்றன. இல்லாதது, ‘குழந்தையின் தைமஸை ஒருமுறை பாருங்கள்’ என்று கேட்கும் பழக்கம் மட்டும்தான்.

இனி என் சக குழந்தை மருத்துவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் குழந்தைக்கு வரும் காசநோயை ‘பிரைமரி காம்ப்ளக்ஸ்’ என்று சொன்னால் தெருவில் போகும் யாருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இருந்தது, சித்தி மகனுக்கு இருந்தது, ஆறு மாதம் மருந்து சாப்பிட்டான் என்பார்கள். குழந்தை சாப்பிடவில்லை, அடிக்கடி சளி பிடிக்கிறது, எக்ஸ்ரேயில் நடுவில் அகலமாக இருக்கிறது, அவ்வளவுதான். காசநோய் மருந்து தொடங்கிவிடும். அந்த அகலமான நிழல்களில் எத்தனை வெறும் தைமஸாக இருந்திருக்கும் என்று நினைத்தால் மனது சங்கடப்படுகிறது. கைக்குழந்தைக்குக் காசநோய் வந்தால் வேகமாகப் பரவும், மூளைக்குப் போகும். அதை விட்டுவிடச் சொல்லவில்லை. அதனாலேயே ஒழுங்காகத் தேட வேண்டும். வீட்டில் யாருக்காவது காசநோய் இருக்கிறதா, இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சலோ இருமலோ உண்டா, எடை குறைகிறதா என்று கேட்க வேண்டும். இரைப்பைத் திரவத்தை எடுத்து மூலக்கூறு பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். காசநோய் நெறிகட்டிகள் பெரும்பாலும் நுரையீரல் வாசலிலும் மூச்சுக்குழல் ஓரத்திலும் முண்டும் முடிச்சுமாக இருக்கும், காற்றுக்குழாயை நெருக்கும். தைமஸ் அப்படிச் செய்யாது. கழுத்துக்குழி வழியாக அல்ட்ராசவுண்டில் அந்த நெறிகட்டிகளையும் பல நேரம் பார்த்துவிடலாம். வெறும் எக்ஸ்ரேயின் அகலத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குழந்தைக்கு ஆறு மாதம் மருந்து எழுதாதீர்கள்.

கம்ப்யூட்டர் எக்ஸ்ரேயைப் படித்துக் காசநோய் சொல்லும் மென்பொருள்கள் இப்போது ஊர் ஊராக வருகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அவற்றைப் பரிந்துரைத்தபோது 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் பரிந்துரைத்தது. கைக்குழந்தையின் படத்தை அதில் போட்டு, வந்த பதிலை அப்படியே ரிப்போர்ட்டில் ஒட்ட வேண்டாம்.

இப்போது மறுபக்கம். இந்தக் கடிதத்தைக் காட்டி ‘எல்லாம் தைமஸ்தான், போய் வாருங்கள்’ என்று யாரும் ஒரு குழந்தையை அனுப்பிவிடக் கூடாது. அதுவும் எனக்குப் பயமாகவே இருக்கிறது. குழந்தைகளின் நெஞ்சில் உண்மையான கட்டிகள் வருகின்றன. முதுகெலும்பை ஒட்டிப் பின்பக்கம் இருக்கும் நிழல் ஒருபோதும் தைமஸாக நினைக்கப்படக் கூடாது. அங்கே நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புத் திசுப் புற்றுநோய் ஒளிந்திருக்கலாம், விலா எலும்புகளை விலக்கியிருக்கும், அரித்திருக்கும். பக்கவாட்டுப் படத்தில் நிழல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான் முக்கியம். முன்பக்கமே இருந்தாலும் ஓரம் முண்டும் முடிச்சுமாக இருந்தால், உள்ளே சுண்ணாம்புப் படிவு தெரிந்தால், அல்ட்ராசவுண்டில் நீர்ப்பையோ சீரற்ற திட்டுகளோ இருந்தால், அது டெரட்டோமாவாகவோ (பல வகைத் திசுக்கள் கலந்த கட்டி) நிணநீர்க் கட்டியாகவோ வேறு ஏதாவதாகவோ இருக்கலாம். மூச்சுக்குழல் நெருங்கியிருந்தால், முகம் வீங்கினால், படுக்கவைத்தால் குழந்தை திணறினால், இரத்தத்தில் அணுக்கள் தாறுமாறாக இருந்தால், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. இரண்டு வயதுக்குள் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் மிகவும் அரிது. ஆனால் நான்கு, ஆறு, பத்து வயதுக் குழந்தைக்குப் புதிதாக முன்பக்கம் அகலமானால் முதலில் நினைக்க வேண்டியது அதைத்தான். அங்கே சி.டி. தேவை, எம்.ஆர்.ஐ. தேவை. புற்றுநோய் சிகிச்சை முடித்த பிள்ளைகளுக்குச் சுருங்கிய தைமஸ் மீண்டும் வளர்ந்து முன்பைவிடப் பெரிதாவதும் உண்டு. அதை நோய் திரும்பிவிட்டது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாமல், அந்தத் துறை மருத்துவரோடு சேர்ந்து பாருங்கள்.

உண்மையான கட்டி என்று சந்தேகப்படும் குழந்தையை, மூச்சுவழி நிபுணர் இல்லாத இடத்தில் தூக்க மருந்து கொடுத்து மல்லாக்கப் படுக்கவைத்துவிடாதீர்கள். கட்டி மூச்சுக்குழலின் மேல் அமர்ந்துவிட்டால் குழாய் போட்டும் காற்று போகாது. இன்னொன்று, ஸ்டீராய்டு. ‘ஒரு வாரம் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்போம், சுருங்கினால் தைமஸ்’ என்ற பழைய வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தைமஸ் சுருங்கும், உண்மைதான். லிம்ஃபோமாவும் சுருங்கும், இரத்தப் புற்றுநோயும் கொஞ்ச நாளுக்கு அடங்கும். அப்புறம் திசுப் பரிசோதனை செய்தாலும் தெளிவான பதில் வராது; சிகிச்சைத் திட்டமே குழம்பிப்போகும். தயவுசெய்து அந்தச் சோதனையைக் கைவிடுங்கள்.

தைமஸ் தெரியாமல் போவதும் ஒரு செய்திதான். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை, வாயில் ஆறாத வெள்ளைப் படலம், விடாத வயிற்றுப்போக்கு, திரும்பத் திரும்ப நிமோனியா. அதன் எக்ஸ்ரேயில் இதயத்துக்கு மேலே இருக்க வேண்டிய நிழலே இல்லை என்றால், அதையும் ஒரு வரி எழுதுங்கள். கடுமையான நோயால் சுருங்கியிருக்கலாம். ஆனால் பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தையாகவும் இருக்கலாம். 22-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டுப்போன, இதயக் கோளாறோடும் கால்சியம் குறைவோடும் வரும் குழந்தையாகவும் இருக்கலாம். நம் நாட்டில் பிறந்தவுடன் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி போடுகிறோம், ஆறாவது வாரம் ரோட்டா வைரஸ் சொட்டு கொடுக்கிறோம். இரண்டும் உயிருள்ள கிருமியால் ஆனவை. உங்கள் அந்த ஒரு வரியால் நாங்கள் சொட்டு மருந்தை நிறுத்திவைத்து, இரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப முடியும்.

இந்தியக் குழந்தை மருத்துவக் கழகத்தின் மாநிலக் கிளையும், இந்திய ரேடியாலஜி சங்கத்தின் மாநிலக் கிளையும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினால் போதும் என்று நினைக்கிறேன். கைக்குழந்தையின் நெஞ்சு நிழல் அகலமாக இருந்தால் என்ன பார்க்க வேண்டும், எப்போது அல்ட்ராசவுண்ட், எப்போது நேராகப் பெரிய மருத்துவமனை. அந்த ஒரு பக்கத்தை ஒவ்வொரு ஸ்கேன் சென்டரின் திரைக்குப் பக்கத்திலும் ஒட்டலாம். தொலைதூரத்தில் இருந்து ரிப்போர்ட் எழுதும் நிறுவனங்கள், இரண்டு வயதுக்குட்பட்ட படங்களைக் குழந்தைப் படங்களில் பழகிய ஒருவருக்கு மட்டும் அனுப்பும்படி தங்கள் வரிசையை மாற்றலாம். இதற்குப் பெரிய செலவில்லை.

நாங்களும் செய்ய வேண்டியது இருக்கிறது. ‘இருமல்’ என்று ஒற்றைச் சொல் எழுதிய சீட்டை அனுப்பிவிட்டு உங்களிடம் துல்லியத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. வயதை மாதக் கணக்கில், எடை, எத்தனை நாளாக என்ன தொந்தரவு, மூச்சில் சத்தம் உண்டா இல்லையா, வீட்டில் காசநோய் உண்டா, எதற்காக இந்தப் படம் என்று எழுதி அனுப்ப வேண்டும். பிராங்கியோலைட்டிஸுக்கு எக்ஸ்ரே எழுதாமல் இருப்பது அதைவிட முக்கியம். பெற்றோர் கேட்டாலும், ‘வேண்டாம், குழந்தை பால் குடிக்கிறது, ஆக்சிஜன் சரியாக இருக்கிறது, இரண்டு நாள் பார்ப்போம்’ என்று சொல்லும் தைரியம் நமக்கு வர வேண்டும்.

பெற்றோரே, உங்கள் கையில் அப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால், படத்தையும் குழந்தையையும் சேர்த்து உங்கள் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். ‘இது தைமஸாக இருக்குமா, முதலில் அல்ட்ராசவுண்ட் பார்க்கலாமா’ என்று கேளுங்கள். கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. ஆனால் குழந்தை மூச்சுத் திணறினால், நீலம் பூத்தால், கேள்வி கேட்டுக்கொண்டு நிற்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

ரேடியாலஜி நண்பர்களே, படத்தைப் பார்த்துத் தயங்கினால் ‘மாஸ்?’ என்று எழுதி அனுப்புவதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு போன் செய்யுங்கள். இனி என் சீட்டுகளில் என் கைப்பேசி எண் இருக்கும். மற்றவர்களையும் எழுதச் சொல்கிறேன். இரவு பத்து மணி ஆனாலும் எடுப்பேன். குழந்தை எப்படி இருக்கிறது என்று நான் சொல்கிறேன், படத்தில் என்ன இருக்கிறது என்று நீங்கள் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்தில் முடிவெடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
சிற்றூர் ஒன்றில் பணிபுரியும் குழந்தைகள் நல மருத்துவர்